டப்பா மிஸ்

முதல் நாள் ஜீப்பில் ஏறியவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. கதவைச் சாத்தி, குடையை மடியில் வைத்துக்கொண்டு, "கடைசியாப் பூச்சிக் குளிசை எப்ப போட்டனீங்கள்?" என்று கேட்டார், வயிற்றுப்பூச்சிக்கு விழுங்குகிற மாத்திரையை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மூன்று பிள்ளைகளின் வாப்பா. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என்னைத் தெரியாத கடைக்காரர் இல்லை. அப்படிப்பட்டவனிடம் ஒரு பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது. "எனக்கு அந்த மாதிரி வருத்தமெல்லாம் இல்ல மிஸ்" என்றேன்.

"அது நீங்கள் சொல்லுறது நானா. நான் பார்க்கேல்லையே" என்றார். எங்கள் ஆட்கள் அண்ணனை 'நானா' என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று தொடங்கியது. பதினோரு வருடம் அந்த 'நான் பார்க்கேல்லையே'யை மலையிலும் பள்ளத்திலும் கேட்டேன். மழை வரும் என்றால் பார்க்கேல்லையே. பாலம் மூடியிருக்கிறது என்றால் பார்க்கேல்லையே. எனக்கு முதுகு வலி என்று லீவு கேட்டபோதும் அதே பேச்சுத்தான். முதுகை எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, வேலைக்கு வந்துவிட்டேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது குடையோடு வந்து நின்று, "இதுக்கெல்லாம் என்ன ஆதாரம்?" என்று கேட்பார். யாழ்ப்பாணத்து ஆள். குள்ளம், மெலிவு, தடித்த கண்ணாடி. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோர். அதன் பின்பக்கத்தில் இரண்டு அறை, ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு ஜீப். அதுதான் வயிற்றுப்புழுப் பிரிவு. தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், இலக்கம் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களை ஆளுக்கொன்றாகக் கொடுப்போம். அடுத்த நாள் காலையில் அவை 'சாமானோடு' திரும்பி வரும். அதில் துளியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் அமத்தி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தால் புழு இட்ட முட்டைகள் தெரியும். அவற்றை எண்ணுவதுதான் மிஸ்ஸின் உத்தியோகம். முட்டை கூடினால் வயிற்றில் புழு கூட என்று அர்த்தம்.

தோட்டத்து ஆட்கள் அவரை 'டப்பா மிஸ்' என்றார்கள். என்னை 'டப்பா டிரைவர்' என்றார்கள். இரண்டாவதை நான் வீட்டில் சொல்லவில்லை.

எண்ணுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை எண்ணி, தொகையை எழுதி, அதன்மேல் ஒரு கடதாசியை வைத்து மூடிவிடுவார். பிறகு முதலிலிருந்து எண்ணுவார். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் தடவை. "நீங்க எண்ணினத நீங்களே நம்புறல்லயா மிஸ்?" என்று ஒரு நாள் கேட்டேன். "முதல் எண்ணினவ ஆரெண்டு எனக்கென்ன தெரியும்" என்றார். பகிடியா மெய்யா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவருடைய தொல்லை தாங்காமல், எனக்குப் பூச்சி இல்லை என்று நிரூபிக்க நானே ஒரு டப்பா கொடுத்தேன். மத்தியானம் யன்னலால் தலையை நீட்டி, "நானா, பன்னிரண்டு முட்டை" என்றார். கந்தோர் முழுக்கக் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அஞ்சு நேரத் தொழுகைக்கும் கைகால் கழுவி ஒழு எடுக்கிற ஆள் நான், என்னுடைய கையைப் போய் ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன். "உங்கட கை சுத்தம்தான். வல்லாரையை ஆர் கழுவினது?" என்றார்.

அதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் என் மடத்தனம். என் மனைவியின் வல்லாரைச் சம்பலுக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர். "அந்த மிஸ்ஸ ஒரு நாளைக்கி சோத்துக்கு கூட்டிக்கொண்டு வாங்க, நான் கேக்குற" என்றாள். மிஸ் வந்தார். நேராகக் குசினிக்குள் போனார். கீரையை இணுக்கு இணுக்காகப் பிரித்து ஏழு தண்ணீரில் அலசினார். ஏழாவது தண்ணீரின் அடியில் தங்கிய மண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். என் மனைவி எட்டாவது தண்ணீருக்கு வாளியை நீட்டினாள். அன்றைக்குப் பிறகு இருவரும் சிநேகிதம். நான் வீட்டுக்குள் நுழைந்தால் கையைக் காட்டச் சொல்லுகிற அளவுக்குச் சிநேகிதம்.

இதற்குப் பழிவாங்க வேண்டாமா. பெருநாள் முடிந்த கையோடு வீட்டில் தொதல் மிஞ்சியிருந்தது. நல்ல கறுப்புத் தொதல், தேங்காய்ப்பாலும் கஜுப்பருப்பும் போட்டு அல்வா மாதிரிக் கிண்டுகிற இனிப்பு. அதில் ஒரு துண்டைப் பிசைந்து டப்பாவில் போட்டு, இல்லாத ஓர் ஆளுடைய இலக்கத்தை ஒட்டி, மற்ற டப்பாக்களோடு வைத்துவிட்டேன். மிஸ் எடுத்தார். கண்ணாடித் துண்டில் அமத்தினார். பார்த்தார். கடதாசியால் மூடி இரண்டாம் தடவையும் பார்த்தார். நான் கதவடியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். மிஸ் பின்னேரம் அறிக்கைக் கட்டை என்னிடம் தந்து, பிரிவுக்குத் தலைவரான பெரிய டொக்டரின் மேசையில் வைக்கச் சொன்னார். கடைசித் தாளில் இப்படி இருந்தது: 'முட்டை இல்லை. தேங்காய்ப்பால் உண்டு. சீனி அதிகம். கஜு காணாது. நோயாளி ஜீப் ஓட்டாமல் இருப்பது நல்லது.' அந்த ஒரு தாளை உருவி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அது யுத்த காலம், ரோட்டுக்கு ரோடு சோதனைச்சாவடி. மிஸ்ஸின் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்தால் கேள்வி நீளும். திகனையைத் தாண்டி ஒரு சாவடியில் புதிதாக வந்த ஆமிப் பொடியன் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மிஸ் இறங்கிப் போய் நல்ல சிங்களத்தில், "திறந்து பாருங்கள் மாத்தையா. எந்த டப்பாவை எந்தக் கையால் திறந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் எழுத வேண்டும்" என்றார். அவன் ஒன்றைத் திறந்தான். மற்றவற்றைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஜீப்பைத் தூரத்தில் கண்டாலே போ போ என்று கையைக் காட்டுவான். மிஸ்ஸா விடுகிறவர். ஒரு நாள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவனுடைய முகம் வெளிறியிருக்கிறது என்று சொல்லி அவனுக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த தடவை அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரம் காத்து நின்றான். மற்றவர்கள் காணாதபடி யன்னலால் டப்பாவை நீட்டிவிட்டு வானத்தைப் பார்த்தான்.

எனக்கும் ஒரு பெருமை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ரோடு என்றால் பள்ளமும் கல்லும்தான். அந்த ரோட்டில் அத்தனை வருடம் ஓடியும் ஒரு டப்பாவின் மூடிகூடக் கழன்றதில்லை. பெரிய டொக்டரே ஒரு தரம் வேறு டிரைவர்களுக்கு முன்னால் என்னைக் காட்டி, "இவன் ஓட்டினால் தேத்தண்ணீர் சிந்தாது" என்று சொன்னார். அதை நான் வீட்டில் பல தடவை சொன்னேன்.

பெரிய டொக்டர் கெட்ட மனிதர் இல்லை. எதையாவது முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஒரு அரிப்பு, அவ்வளவுதான். அந்த அரிப்புக்குத் தோதாக ஒரு வேலை வந்தது. குளிசை கொடுக்கு முன் முட்டையை எண்ணுவது, கொடுத்து மூன்று கிழமை கழித்து அதே ஆட்களின் முட்டையை மறுபடி எண்ணுவது. தொகை நன்றாக இறங்கினால் குளிசை வேலை செய்கிறது. இறங்காவிட்டால் புழு குளிசைக்குப் பழகிவிட்டது, இனி வேறு மருந்து தேட வேண்டும். திகனைக்கு மேலே மலையேறுகிற ஒரு தோட்டத்தில் நாற்பத்திரண்டு கொழுந்து எடுக்கிற பெண்களைப் பிடித்தோம்.

முதல் தடவை அந்த நாற்பத்திரண்டு டப்பாவும் சேர மூன்று நாள் எடுத்தது. கெஞ்சி, கூத்தாடி, காத்து நின்று வாங்கினோம். பிறகு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு குளிசை கொடுத்தோம். மூன்று கிழமை கழித்துப் போனால், காலை ஆறரைக்கே நாற்பத்திரண்டும் நிரம்பி, மூடி துடைத்து, வரிசையாகப் பெட்டியில் இருந்தன. எனக்கோ நல்ல சந்தோஷம், வேளைக்கு வீட்டுக்குப் போகலாம்.

மிஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாப்பத்திரண்டு பேரும் சொன்ன நேரத்துக்குக் குடுத்திட்டினம். இது மனிசர் செய்யிற வேலை இல்லை நானா" என்றார்.

எண்ணி முடித்தபோது முட்டைத் தொகை இறங்கவில்லை. முந்தியதை விடக் கூடியிருந்தது. பெரிய டொக்டர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். புழு குளிசையை வென்றுவிட்டது, இந்த நாட்டில் இதை முதலில் கண்டது நாங்கள்தான் என்று கொழும்புக்குக் கடிதம் தட்டச்சாகத் தொடங்கியது. அது போனால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் குளிசையை நிறுத்திவிடுவார்கள். புது மருந்து எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. கடிதத்தில் எண்ணியவரின் கையெழுத்தும் வேண்டும். மிஸ், "வெள்ளிக்கிழமை மட்டும் பொறுங்கோ டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து ஜீப்பில் ஏறினார்.

"என்ன மிஸ், கையெழுத்துப் போடாம?"

"இந்தப் பொம்பிளையள் வெறுங்காலோட மலையில நிக்கிறவை. மண்ணிலயிருந்து காலுக்குள்ளால ஏறி வயித்துக்குப் போற புழு ஒண்டு இருக்கு, கொளுக்கிப்புழு. முதல் தரம் முக்கால்வாசிப் பேருக்கு அது இருந்தது. இப்ப ஒருத்தருக்கும் இல்லை. வட்டப்புழு மட்டும் முந்தியை விடக் கூட. வட்டப்புழு கூடுதலா ஆருக்கு வாறது? மண்ணில விளையாடிப்போட்டு வாயில கை வைக்கிற பிள்ளையளுக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்திரண்டு பொம்பிளையளும் மூண்டு கிழமையில குழந்தையாப் போச்சினமோ?"

"அப்ப அது யாருட மிஸ்?"

"அதைத்தான் பார்க்கப் போறம்."

தோட்டத்தில் குழந்தைகள் இருக்கிற இடம் ஒன்றுதான், பிள்ளைக்காம்பரா. தாய்மார் மலைக்குப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை. அங்கே தொங்குகிற சேலைத் தொட்டில் ஏணைகளுக்கு நடுவில் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா நின்றாள். நாற்பது வயது இருக்கும், புருஷன் இல்லாதவள். எங்களைக் கண்டு இரண்டு படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கினாள். மிஸ் ஒன்றும் கேட்காமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்த பார்வையிலேயே அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"நான் களவு ஒன்னும் செய்யலீங்க மிஸ். போன தடவ மூணு நாளு இழுத்திச்சின்னு கணக்குப்புள்ளைக்கு கோவம். டப்பா குடுக்காதவளுக்கு அரப்பேருதான்னு பெரட்டுல சொல்லிப்புட்டாரு. பாதி நாளு சம்பளம்னா அதுக என்னா செய்யும். விடியறதுக்கு முன்னயே தேயிலைக்குள்ள ஒதுங்கிட்டு ஓடியாந்து, ரொட்டிய தட்டி, புள்ளைய இங்கன விட்டுட்டு பெரட்டுக்கு ஓடுதுக. அந்த இருட்டுல டப்பாவ எங்கிட்டு புடிக்கிறது. வெறும் டப்பாவ கொண்டாந்து என் கையில குடுத்துட்டு அழுவுதுக. எனக்குத்தான் இங்கன புள்ளைங்க இருக்கே. அதுக நேரத்துக்குப் போகுதுங்க."

"அத்தனையையும் நீங்களே நிரப்பினீங்களோ?"

"மொத நாளு பின்னேரமே நெரப்பி வச்சிட்டேங்க. பால் குடிக்கிற புள்ளைகளோடதுல என்னாங்க இருக்கப்போவுது. சுத்தமானதா பாத்துத்தான் குடுத்தேன். பெரியவங்களோடதுன்னா உங்களுக்குத்தானே நாத்தம்."

நான் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வந்தால் அடக்க முடியாத ஆள் நான். ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் குளிசை கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. குளிசையே விழுங்காத வயிற்றில் முட்டை எப்படி இறங்கும். புழு ஒன்றையும் வெல்லவில்லை, இந்த மனுஷி பாசத்தோடு நாற்பத்திரண்டு டப்பாவை நிரப்பியிருக்கிறாள்.

"தொரைக்குத் தெரிஞ்சா என்னய நிப்பாட்டிருவாரு மிஸ்" என்றாள். "வேல போனா குடியிருக்கிற காம்பராவும் போயிரும். நான் ஒண்டிக்கட்ட, எங்கிட்டு போவேன்?"

மிஸ் ஏணையில் கிடந்த ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்து ஜீப்பில் ஏறினார். திகனையில் கடையோரம் நிறுத்திப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அது குடிக்காமலே ஆறிப்போனது.

"மிஸ், உள்ளத உள்ளபடி எழுதினா அந்த மனிசிட சோறு போகும்" என்றேன்.

"எழுதாட்டி எல்லாரின்ரை குளிசையும் போகும்" என்றார். எனக்கு மிஸ்ஸைத் தெரியும். கண்ட ஒன்றைக் காணவில்லை என்று அவரால் எழுத முடியாது. ஆயாவின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சுச் செய்த கடிதம். பக்கத்தில் மிஸ் நின்றார், கலண்டரைப் பார்த்துக்கொண்டு.

"அந்தத் தோட்டத்திலிருந்து வரும்போது பெட்டி கவிழ்ந்ததா?" என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். "மூடி கழன்று, ஒன்றோடொன்று கலந்துவிட்டது என்று மிஸ் எழுதியிருக்கிறார். கலந்திருந்தால் இந்த எண்ணிக்கை செல்லாது. முதலிலிருந்து எடுக்க வேண்டும். உண்மையைச் சொல்."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் கலண்டரைப் பார்த்தார். எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. என் வண்டியிலா, என் கையிலா, பெட்டி கவிழ்ந்தது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்புறம்தான் பிள்ளைக்காம்பராவும் அந்த மனுஷி மூச்சு வாங்கி நின்றதும் நினைவில் தட்டியது. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் டப்பாவில் இருந்தது யாருடையது என்பதுதான்.

"கவிழ்ந்தது சேர்" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாட்டை அல்லாஹ் அறிவான்.

அதோடு விட்டிருக்கலாம் அல்லவா. மிஸ் இப்போது கலண்டரை விட்டுத் திரும்பி, "மூன்று தடவை சொன்னேன் டொக்டர், மெதுவாகப் போங்கள் என்று. முன்னால் ஒரு முச்சக்கரவண்டி போனது, அதை முந்தப் போனார்" என்றார்.

முச்சக்கரவண்டியை. நான். அந்த ரோட்டில் அன்றைக்கு ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. கண்ணால் காணாத ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது அந்தப் பதினோரு வருடத்தில் அந்த ஒரு தடவைதான். வந்ததும் என் தலையில்தான் வந்து விழுந்தது.

டொக்டர் கடிதத்தை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது, என் உத்தியோகப் பைலில் அது இன்றைக்கும் இருக்கும். ஒரு கிழமை நான் மிஸ்ஸோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் பொறுக்க முடியாமல், "முந்தியே எனக்கிட்ட ஒரு சொல்லு செல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நடிச்சிருப்பியள். உங்களுக்கு நடிப்பு வராது. முழிச்சுக்கொண்டு நிண்டியள் பாருங்கோ, அதுதான் டொக்டர் நம்பினவர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டைப் பார்த்தபடி, "குறை நினைக்காதேயுங்கோ நானா. வேற ஆரின்ரை பேரை எழுதவும் எனக்குத் துணிவு வரேல்லை" என்றார். எனக்குக் கோபம் போய்விட்டது. போனதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மறுபடி டப்பா எடுக்கப் போனோம். இந்த முறை மிஸ் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் ஒரு டப்பாவை நீட்டி, "எல்லாருக்கும் முன்மாதிரியா முதல் நீங்கள் தாங்கோ. நாளைக்குக் காலமை பிரட்டுக்கு முன்னம்" என்றார். மீசை வைத்த பெரிய மனிதர். மூன்று நாள் அவரால் முடியவில்லை. ஒவ்வொரு காலையும் பிரட்டுக்களத்தில் மிஸ் எல்லார் முன்னிலையிலும், "வந்திட்டுதோ ஐயா?" என்று மரியாதையாகக் கேட்பார். பெண்கள் கொழுந்துக்கூடைக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தார்கள். நான்காம் நாள் அவராகவே வந்து, டப்பாவை எந்த நேரமும் கொடுக்கலாம், ஒருத்தருக்கும் அரைப்பேர் இல்லை என்று அறிவித்துவிட்டார். ஐந்து நாளில் நாற்பத்திரண்டும் வந்தன. நேரம் தவறி, முன்னுக்குப் பின்னாக வந்தன. மிஸ்ஸுக்கு அதில்தான் திருப்தி.

எண்ணிப் பார்த்தால் வட்டப்புழு அநேகமாக ஒழிந்திருந்தது. கொளுக்கிப்புழு சிலரிடம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அதையும் அப்படியே எழுதினார். குளிசை தப்பியது.

பெட்டியில் நாற்பத்து மூன்றாவதாக ஒரு டப்பா இருந்தது. அது ஆயாவுடையது. கொழுந்து எடுக்கிறவர்களின் பெயரைக் கூப்பிட்டுக் குளிசை கொடுத்தபோது அவள் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை, பிள்ளைக்காம்பராவில் இருப்பவளுக்குப் பிரட்டில் பெயர் கிடையாது. முதன்முதல் கண்ட அன்று மிஸ் அவள் முகத்தை அப்படிப் பார்த்தது கோபத்தில் என்று நான் நினைத்திருந்தேன். அவளுடைய கண்ணின் கீழ் மடலும் உதடும் வெள்ளையாகக் கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறார்.

அவளுடைய டப்பாவின் கண்ணாடித் துண்டைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். அதுவரை அந்தக் கதிரையில் என்னை உட்காரவிட்டதில்லை. "எண்ணுங்கோ" என்றார். மெல்லிய ஓட்டோடு நீளுருண்டையாக முட்டைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. நூறு வரை எண்ணினேன், பாதிக் கண்ணாடிகூட முடியவில்லை. "கொளுக்கிப்புழு ரத்தம் குடிக்கிற சாதி" என்றார் மிஸ். "இந்த மனிசி எழும்பி நடக்கிறதே பெரிய காரியம். நாப்பத்திரண்டு பேருக்கு உதவி செய்யப் போயிருக்கிறா."

அடுத்த நாளே போய், மூன்று நாளுக்குரிய குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தார். முதல் குளிசையைத் தன் கண்ணுக்கு முன்னால் விழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்குக் கீழும் பார்த்தார். நம்பிக்கை என்றால் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று கிழமை கழித்து அந்த ஒரே ஒரு டப்பாவுக்காக மலைக்குப் போனோம். ஒரு டப்பாவுக்கு ஜீப் கொடுக்க மாட்டார்கள். ஓட்டப் புத்தகத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் மிஸ், 'எச்சரிக்கப்பட்ட சாரதியின் ஓட்டத்தைப் பரிசோதித்தல்' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் காட்டிக் கையெழுத்தும் வாங்கினார்.

அன்று பின்னேரம் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மிஸ் கண்ணாடித் துண்டை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். எழுதினார். கடதாசியால் மூடினார். மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு எழும்பிக் கதிரையை என் பக்கம் தள்ளினார்.

நான் குனிந்து பார்த்தேன். "ஒன்னும் தெரியல்லயே மிஸ்" என்றேன்.

"வடிவாப் பாருங்கோ."

"வடிவாத்தான் பாக்குற. ஒன்னுமே இல்ல."

"ஓம்" என்றார். யன்னல் பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார், திரும்பவில்லை. நான் மறுபடி குனிந்து, ஒன்றுமே இல்லாத அந்தக் கண்ணாடியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை இன்னொரு தடவை பார்த்தேன்.